பாதி அளவில் ஒரு ரோலர்

இலங்கை மலையகத்து ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சான் போன மாதம் ஒரு பழைய வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டுக் கேட்டார்: "இத அப்படியே பாதியாக்கிச் செஞ்சா சரிதானே?"

தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலரின் படம் அது. (ஸ்டோர் என்றால் கடை அல்ல, மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்.) ஒன்றிரண்டு ஏக்கர் சொந்தமாக வைத்திருக்கும் ஒருவர் தன் கொழுந்தைத் தானே தேயிலையாக்கி விற்க ஆசைப்பட்டு அவரிடம் வந்திருக்கிறார். ஸ்டோர் ரோலர் அவருக்குக் கட்டுப்படியாகாது. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி 0.5 என்று அடித்தால் ஒரு நொடியில் எல்லாம் சுருங்கிவிடும். மச்சானின் கேள்வி நியாயமானதுதான்.

ரோலரைப் பார்க்காதவர்களுக்காக: மேலே அடிப்பாகம் இல்லாத பெரிய டிரம், கீழே வட்ட மேசை. மேசை நடுவில் ஒரு கூம்பு, சுற்றிலும் பிறைபோல வளைந்த வரம்புகள். மூன்று கிராங்குகள் டிரம்மை மேசைக்கு மேலே வட்டமாக அலைக்கழிக்கும். டிரம்முக்குள் கொட்டிய வாடிய கொழுந்து நெரிந்து, முறுக்கேறி, சாறு கசிந்து இலைமேலேயே பூசிக்கொள்ளும்.

கணக்கு எளிதாக இருக்க, 30 அங்குல டிரம்மை 15 ஆக்குவோம். உயரம், அகலம், தடிப்பு எல்லாம் பாதி. ஆனால் பரப்பு கால்வாசியாகிவிடும், கொள்ளளவும் எடையும் எட்டில் ஒன்றாகிவிடும். பெரிய விலங்கின் எலும்பு ஏன் உடம்பின் விகிதத்தைவிடத் தடித்திருக்க வேண்டும் என்று கலிலியோ 1638இல் விளக்கியது இதே கணக்கை வைத்துத்தான்.

முதலில் வேகம். பழைய வேகத்திலேயே, அதாவது நிமிடத்துக்கு அதே சுற்றில், சின்ன ரோலரை ஓட்டினால் டிரம் நகரும் வேகம் பாதியாகிவிடும், கொழுந்து சோம்பலாகப் புரளும். ஆகவே சுற்றை இரட்டிப்பாக்க வேண்டும். கிராங்குக்கு இது அதிகமில்லையா என்று கேட்கலாம். சுழலும் பொருளின் விசை, எடை × சுற்று வேகத்தின் வர்க்கம் × ஆரம். எட்டில் ஒன்று × நான்கு × பாதி, ஆக கால்வாசி. அந்த விசையைத் தாங்கும் தண்டின் குறுக்குப் பரப்பும் கால்வாசிதான். தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர அளவு உலோகமும் தாங்கும் விசை, துளியும் மாறவில்லை! நகரும் வேகத்தை மாற்றாமல் அளவை மாற்றினால், பெரியதோ சிறியதோ, உலோகத்துக்கு அது ஒரே சுமைதான். எனக்கு இந்தக் கணக்கு எப்போதும் ஒரு சின்ன மாயம்போலத் தோன்றும்.

டர்பைன்களிலும் இதே விதிதான். தேசிய மின்சாரம் எட்டுவதற்கு முன் பல தோட்டங்களின் ஸ்டோர்கள் பக்கத்து ஓடை சுழற்றிய டர்பைனால் ஓடின. 100 மீற்றர் உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கும் தண்ணீர் முனையில் செக்கனுக்கு 44 மீற்றர் வேகத்தில் பீறிடும். அந்தத் தாரை மோதிச் சுழற்றும் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்கள் அதில் ஏறக்குறையப் பாதி வேகத்தில் ஓடினால்தான் நல்ல பலன். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது மலை, சக்கரத்தின் அளவு அல்ல. நிமிடத்துக்கு 1500 சுற்று வேண்டுமென்றால் 26 சென்ரிமீற்றர் சக்கரம் போதும், 750 போதுமென்றால் 52. உயரம் 25 மீற்றர்தான் என்றால் வேகம் பாதியாகும், 1500 சுற்றுக்குச் சக்கரம் 13 சென்ரிமீற்றராகச் சுருங்கும். ஆனால் செக்கனுக்கு 50 லீற்றர் தண்ணீரை ஒரே முனையில் விட்டால் அந்தத் தாரை மட்டும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்திருக்கும். அத்தனை தடித்த தாரையை ஏந்தும் கிண்ணங்களை அந்தக் குட்டிச் சக்கரத்தில் எங்கே பொருத்துவது? இங்கே அளவை மாற்றிப் பயனில்லை, தாழ்ந்த உயரத்துக்கு உகந்த வேறு வகை டர்பைனைத்தான் தேட வேண்டும்.

சரி, ரோலருக்கு வருவோம். உருட்டும்போது உராய்வால் கொழுந்து சூடாகும். சூடு பிறப்பது கொழுந்தின் மொத்தத்தில், வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. பெரிய டிரம்மில் மொத்தம் அதிகம், அதற்கேற்ற மேற்பரப்பு இல்லை, நடுவில் இருக்கும் கொழுந்து வெந்துபோகப் பார்க்கும். உருட்டியதை அவ்வப்போது வெளியே எடுத்து ரோல் பிரேக்கரில் உதறிச் சலிப்பதற்கு ஒரு காரணம் இந்தச் சூட்டை ஆற்றுவது. பாதி ரோலரில் கிலோவுக்கு இரண்டு மடங்கு மேற்பரப்பு கிடைக்கும். சின்ன ரோலருக்கு இது கொசுறு.

அழுத்தத்தில்தான் சின்னது தோற்கிறது. கொழுந்து தன் எடையாலேயே கீழுள்ள கொழுந்தை நெரிக்கும். குவியலின் உயரம் பாதியானால் அந்த அழுத்தமும் பாதி. அதை ஈடுகட்ட டிரம்முக்குள் மேலிருந்து இறங்கி அமுக்கும் மூடியைக் கூடுதலாக இறக்க வேண்டும். அதற்கு மூடியை இறக்கும் திருகும் அதைத் தாங்கும் சட்டமும் பாதி அளவில் நின்றால் போதாது, கொஞ்சம் தடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம், கொழுந்து சுருங்காது என்பது. டிரம் 15 அங்குலமானாலும் 45 ஆனாலும் உள்ளே விழுவது அதே இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான். மேசை வரம்புகளைப் பாதியாக்கினால் இடைவெளி குறுகி இலை மாட்டிக்கொண்டு கிழியும். வரம்பின் உயரத்தையும் இடைவெளியையும் ஏறக்குறையப் பழையபடி விட்டு, எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். ஓடை டர்பைனிலும் இதே கதைதான், முனையைச் சிறிதாக்கலாம், குழாயில் வந்து அடைக்கும் யூக்கலிப்டஸ் இலை சிறிதாகாது.

அப்புறம் சந்தை. 45 மில்லிமீற்றர் தண்டைப் பாதியாக்கினால் 22.5. பெயரிங் கடையில் 20 இருக்கும், 25 இருக்கும், 22.5 கேட்டால் சிரிப்பார்கள். பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் சார்ல்ஸ் ரெனார் 1870களில் இந்தத் தலைவலியைப் பெருக்கலால் தீர்த்தார். பலூன் கயிறுகளில் இருந்த 425 அளவுகளை அவர் 17 ஆகக் குறைத்தார். ஒவ்வோர் அளவும் முந்தியதைப்போல ஒரே மடங்கு பெரியது. அவருடைய ஒரு வரிசையில் அந்த மடங்கு ஏறக்குறைய 1.26, ஆகவே 10, 12.5, 16, 20, 25 என்று ஏறும். வீட்டு மின்பெட்டியில் பிரேக்கர்களைப் பாருங்கள்: 10, 16, 20, 25, 32, 40, 63. ரோலரையும் 10, 20, 30, 40 அங்குலம் என்று கூட்டிக்கொண்டே போனால், முதல் தாவலில் கொள்ளளவு எட்டு மடங்காகும், கடைசித் தாவலில் இரண்டரை மடங்குகூட ஆகாது. ரெனாரின் ஏணியில் ஒவ்வொரு படியிலும் கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாங்குபவருக்கும் அதுதான் வசதி.

மச்சான் தண்டுக்கு 25ஐ எடுத்துக்கொண்டார். வரம்புகளை முதலில் பிளைவுட்டில் வெட்டி மேசையில் ஆணியடித்து, ஒரு கூடை கொழுந்து போட்டு உருட்டிப் பார்க்கப் போகிறாராம். கொழுந்துக்கு என்னைத்தான் அனுப்பியிருக்கிறார்.