கர்ப்பிணிப் பதிவில் பிழை வரக் கூடாத இரண்டு விவரங்கள்

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண் ஒவ்வொருவரும், அரசு மருத்துவமனைக்குச் செல்பவரானாலும் தனியார் மருத்துவமனைக்குச் செல்பவரானாலும், ‘பிக்மி’ எனப்படும் அரசின் இணையவழிப் பதிவேட்டில் பதிந்து, ஆர்.சி.எச். எண் என்ற 12 இலக்க எண்ணைப் பெற வேண்டும். குழந்தையின் பிறப்பைப் பதியும்போது இந்த எண் கேட்கப்படுவதால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலர் இதைப் பிறப்புச் சான்றிதழுக்கான எண்ணாக மட்டுமே கருதி, பிரசவம் நெருங்கும் வேளையில் அவசர அவசரமாகப் பதிகிறார்கள். ஆனால் பரிசோதனைக்கான அழைப்பு, மகப்பேறு நிதியுதவி, செவிலியரின் ஆலோசனை ஆகிய அனைத்தும் இந்தப் பதிவை ஒட்டியே நடப்பதால், கருத்தரித்த 12 வாரங்களுக்குள் பதிந்துவிடுவதே முறை.

கிராம சுகாதார செவிலியரிடம் நேரில் பதியலாம். பிக்மி இணையதளத்திலோ, இ-சேவை மையத்திலோ, 102 என்ற எண்ணை அழைத்தோ முன்பதிவு செய்யலாம். முன்பதிவு செய்ததுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. செவிலியர் விவரங்களைச் சரிபார்த்த பிறகே ஆர்.சி.எச். எண் கிடைக்கும். ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் கையில் இருக்க வேண்டும். இவற்றில் உள்ள விவரங்களை ஆவணத்தைப் பார்த்தே சரிபார்த்துவிடலாம். பிழை நுழைவது பெரும்பாலும் கைப்பேசி எண்ணிலும் கடைசி மாதவிலக்குத் தேதியிலும்தான்.

கைப்பேசி எண் என்றதும் கணவரின் எண்ணைக் கொடுப்பதே இங்கு வழக்கம். பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ கட்டட வேலைக்காகப் பெங்களூருக்கும், பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூருக்கும் போயிருக்கும் கணவரின் கைப்பேசிக்கு “நாளை பரிசோதனைக்கு வரவும்” என்ற செய்தி போய்ச் சேர்ந்தால், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? பெண்ணின் சொந்த எண்ணைத் தருவதே நல்லது. அவரிடம் கைப்பேசி இல்லையென்றால், மாமியாருடையதோ நாத்தனாருடையதோ, பகலில் வீட்டிலேயே இருக்கும் கைப்பேசியின் எண்ணைத் தரலாம். சிம் கார்டை மாற்றினால் அதைச் செவிலியரிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்பவர்கள் அங்கே புதிதாகப் பதிய வேண்டியதில்லை. அதே எண்ணை அந்த ஊர்ச் செவிலியரிடம் காட்டினால் போதும்.

பிரசவத் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று கணக்கிடப்படுகிறது. குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களிலும், சர்க்கரைப் பரிசோதனை பொதுவாக 24 முதல் 28 வாரங்களிலும் செய்யப்படுவதால், தேதி ஒரு மாதம் தவறினால் நினைவூட்டல்கள் அனைத்தும் ஒரு மாதம் தவறிவிடும். தேதி நினைவில்லாதவர்களிடம் “ஆடிப்பெருக்குக்கு முன்னாலா, பின்னாலா?” என்று பண்டிகையை வைத்துக் கேட்டு, செவிலியர் ஏறக்குறைய ஒரு நாளைக் குறித்துக்கொள்வதுண்டு. அப்படிக் குறிக்கப்பட்டிருந்தால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் சொல்லும் கருவின் வயதோடு அதை ஒப்பிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும்.

குறுஞ்செய்தி நினைவூட்டுமே தவிர, சந்தேகத்தைத் தீர்க்காது. எடுத்துக்காட்டாக, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பது இயல்பே. டீ, காபியுடன் சேர்த்து அதை விழுங்கினால்தான் சத்து சரியாக உடலில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் வேறு வேளையில் சாப்பிட வேண்டும். தினமும் கேழ்வரகுக் களியும் கீரையும் உண்கிறவர்களுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அவசியம். இத்தகைய சந்தேகங்களை 104 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகக் கேட்கலாம். அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி மூலம் மருத்துவரிடம் காணொளியில் பேசலாம். சித்தேரி மலையிலும் அஞ்செட்டிப் பகுதியிலும் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால், அங்குள்ளவர்களுக்குச் செவிலியரின் நேரடி வருகையே இன்னும் நம்பகமான வழி. இரத்தப்போக்கு, கண் மங்கலுடன் கடும் தலைவலி, முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காணொளிக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக, தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பணம் தவணைகளாக நேரே வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். இதற்காக எந்த அலுவலரும் தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பதில்லை. அங்கன்வாடியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இத்தாய்மார்களைக் குறிவைக்கும் மோசடி அழைப்புகள் தமிழகத்தில் வந்திருக்கின்றன. அப்படிப் பேசி யாரேனும் பணத்தைப் பறித்துவிட்டால், உடனே இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் தர வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு தடுப்பூசிக் கணக்கு ‘யு-வின்’ தளத்தில் கைப்பேசி எண்ணின் அடிப்படையில் பதியப்படுகிறது. அடுத்த ஊசிக்கான நினைவூட்டலும் தடுப்பூசிச் சான்றிதழும் அந்த எண் வழியாகவே கிடைக்கும் என்பதால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே பதிவில் எந்த எண் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.