வாங்குபவர் யார், எதற்கு வாங்குகிறார்?

கோவையில் சிஎன்சி (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம்) பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஏற்றுமதி ஆவணங்கள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அணு ஆயுதப் பரவல் என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் டெல்லியில பாத்துக்குவாங்க, நமக்கென்னங்க" என்பதுதான் பலருடைய பதில். மலேசியாவின் ஷா ஆலமில் நடந்ததைச் சொன்னால் அதே ஆட்கள் கவனமாகக் கேட்கிறார்கள். காரணம், அதுவும் நம்முடையதைப் போன்ற ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கதை.

ஸ்கோப் என்பது அந்த நிறுவனத்தின் சுருக்கப் பெயர். துபாயிலிருந்து 14 வகை உதிரிபாகங்களுக்கு ஆர்டர் வந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்று நம்பியே செய்ததாக நிறுவனம் பின்னால் சொன்னது. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'பிபிசி சைனா' என்ற சரக்குக் கப்பலை இத்தாலியின் தரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதனை போட்டார்கள். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்தின் பாகங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆர்டருக்குப் பின்னால் இருந்தது பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் நடத்திய கள்ளச்சந்தை. நடுவில் நின்று ஏற்பாடு செய்தவர் இலங்கையைச் சேர்ந்த வணிகர் புகாரி சையத் அபு தாஹிர். அந்த டிசம்பரில் லிபியா தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது. 2004 பிப்ரவரி 4 அன்று கான் தொலைக்காட்சியில் தோன்றித் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டார்.

அந்தத் தொழிற்சாலை சட்டத்தை மீறியதாக மலேசியப் போலீஸ் சொல்லவில்லை. மீறுவதற்கு அப்போது அங்கே இத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே கிடையாது, 2010-ல்தான் வந்தது. லேத்தில் நின்ற தொழிலாளிகளுக்குத் தாங்கள் என்ன கடைகிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான்.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் வெடிக்க உதவும் யுரேனியம்-235 வகை வெறும் 0.7 சதவீதம். மின் உலைக்கு அதை 3 முதல் 5 சதவீதமாக உயர்த்தினால் போதும். ஆயுதத்துக்கு ஏறத்தாழ 90 சதவீதம் வேண்டும். யுரேனியத்தை வாயுவாக்கி, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் உருளைகளுக்குள் திரும்பத் திரும்பச் செலுத்தித்தான் அந்த அளவை எட்டுகிறார்கள். அந்த வேகத்தில் உடையாமல் சுழல வேண்டுமென்றால் உலோகமும் துல்லியமும் சாதாரணமாக இருக்க முடியாது. அணு சார்ந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் அணுப்பொருள் வழங்கு நாடுகள் குழுவின் பட்டியலைப் பாருங்கள்: குழாய் அல்லது உருளை வடிவில், வெளிவிட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல், இழுவிசை வலிமை 460 மெகாபாஸ்கல் எட்டக்கூடிய அலுமினியக் கலவை என்று அளவோடு எழுதியிருக்கும். நம் பட்டறைக்காரர்களுக்குத் தினமும் கையில் புழங்கும் கணக்குகள் இவை.

அந்தக் குழு பிறந்ததே நம்மால்தான். அமைதிப் பயன்பாட்டுக்கென்று கனடா கொடுத்த உலையில் கிடைத்த புளுட்டோனியத்தை வைத்து 1974-ல் பொக்ரானில் சோதனை நடத்தினோம். அதைப் பார்த்துத்தான் மற்ற நாடுகள் கூடிக் கட்டுப்பாடு போட்டன. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. ஆனாலும் 2008-ல் அதே குழு நம்முடன் அணு வர்த்தகம் செய்ய விதிவிலக்கு தந்தது. நம்மிடமிருந்து ஆயுதத் தொழில்நுட்பம் வெளியே கசியாது என்ற உறுதிமொழிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பாதுகாப்பு என்றால் ஏவுகணையும் எல்லைக் காவலும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். இந்த நற்பெயரும் நாட்டின் பாதுகாப்புதான், அதைக் கெடுக்க ஒரு கண்டெய்னர் போதும்.

நம் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2005-ல் பேரழிவு ஆயுதங்கள் தடைச் சட்டம் வந்தது. 2022 திருத்தம் அத்தகைய ஆயுதங்களுக்குப் பணம் கொடுப்பதையும் குற்றமாக்கியது. சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் உதவும் இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களுக்கு ஸ்கோமெட் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் அணு சார்ந்தவற்றுக்கு அணுசக்தித் துறையும், படைக்கலங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும், மற்ற பெரும்பாலானவற்றுக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககமான டிஜிஎஃப்டியும் உரிமம் தரும். பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. பட்டியலில் இல்லாத பொருளானாலும், அது பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பினால் குற்றம். அப்புறம், பொருளே அனுப்ப வேண்டியதில்லை. கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்ப டிராயிங்கை வெளிநாட்டுக்கு ஈமெயிலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான். வாட்ஸ்அப்பில் டிராயிங் பறக்கும் வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எதை வைத்துச் சந்தேகப்படுவது என்று கேட்பார்கள். அதற்கு நான் சொல்வது ஆஷர் கார்னி வழக்கை. தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்த வியாபாரி, ட்ரிகர்டு ஸ்பார்க் கேப் என்ற மின் சுவிட்சை அமெரிக்காவிலிருந்து வாங்கினார். சிறுநீரகக் கல்லை உடைக்கும் மருத்துவமனைக் கருவியில் அது உண்டு, அணுகுண்டை வெடிக்க வைக்கவும் அதே சுவிட்ச் பயன்படும். ஒரு மருத்துவமனைக்கு ஒரு சில போதும். இவர் கேட்டது 200. யாரோ துப்புக் கொடுக்க, அதிகாரிகள் சொன்னபடி தயாரிப்பாளரே முதல் 66 சுவிட்சுகளை வேலை செய்யாதபடி மாற்றி அனுப்பினார். அவை கேப் டவுன், துபாய் வழியாக இஸ்லாமாபாத் போய்ச் சேர்ந்தன. 2004 ஜனவரி 1 அன்று டென்வர் விமான நிலையத்தில் கார்னி கைதானார்.

சொன்ன பயன்பாட்டுக்கும் கேட்ட எண்ணிக்கைக்கும் பொருந்தாதபோது நிறுத்துங்கள். வாங்குபவர் ஒரு வர்த்தக நிறுவனம் மட்டும், கடைசியில் யாருக்குப் போகிறது என்று சொல்ல மறுக்கிறார் என்றால் நிறுத்துங்கள். பேக்கிங் லிஸ்ட்டில் "பம்ப் பாகங்கள்" என்று பொதுவாகப் போடச் சொன்னாலும், விலையைப் பேரம் பேசாமல் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினாலும், பொருத்திக் கொடுக்கவோ சர்வீஸுக்கோ ஆள் வேண்டாம் என்றாலும் கேள்வி கேளுங்கள். ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் டிராயிங்கைக்கூட அனுப்ப வேண்டாம்.

கோவை, சேலம், ஓசூர், திருச்சி, சென்னை ஐந்தும் இப்போது படைத்தளவாடத் தயாரிப்புக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கின்றன. இனி இந்த வகை ஆர்டர்கள் கூடத்தான் செய்யும். "கேள்வி கேட்டால் பார்ட்டி ஓடிவிடுவான்" என்ற பயம் எனக்குப் புரிகிறது, மாதச் சம்பளமும் வங்கித் தவணையும் காத்திருக்கும்போது ஆர்டரை விடுவது லேசான காரியமில்லை. ஆனால் பொருள் யாருக்கு, எதற்குப் போகிறது என்று எழுதிக் கொடுக்கும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் உலகம் முழுக்கப் பழக்கமான காகிதம்தான், ஒழுங்கான நிறுவனங்கள் அதைக் கேட்டால் முகம் சுளிப்பதில்லை. ஆகவே கொட்டேஷனிலேயே, சான்றிதழ் கிடைத்து உரிமம் வந்த பிறகே சரக்கு கிளம்பும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டெலிவரி தேதியையும் அதற்கேற்பத் தள்ளிப் போடுங்கள்.