மண் அடித்த வயல் எப்போது இறங்கி முடியும்?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏலா (மேட்டு நிலங்களுக்கு நடுவே கிடக்கும் தாழ்ந்த நெல்வயல்) ஓரத்தில் 8 சென்ட் வாங்கி, வரப்பு மட்டத்திலிருந்து 5 அடி உயரத்துக்கு மண் அடித்து, ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா போட்டு வைத்து, அப்புறம்தான் வானம் தோண்டினாராம். குடியேறிய மூன்றாம் வருடம் தென்மேற்கு அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். பூசினார். மறு வருடம் அதே இடத்தில், அதே சாய்வில் மறுபடியும் வந்துவிட்டது. வாஸ்து பார்ப்பவர் கன்னிமூலை, அதாவது தென்மேற்கு மூலை, தாழ்ந்திருக்கிறது என்று சொல்லி, கழிவுநீர்த் தொட்டியை இடம் மாற்றச் சொல்லியிருக்கிறார். "ஒரு மழை பார்த்தால் மண் இறுகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பஞ்சாயத்தும் பிளான் அப்ரூவல் கொடுத்தது. பிறகு ஏன் இப்படி?" என்பது அவர் கேள்வி.

கன்னிமூலை தாழ்ந்திருப்பது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தாழ்த்தியது தொட்டி இல்லை. தொட்டியை மாற்றும் செலவை அவர் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 8 சென்ட் என்பது சுமார் 324 சதுர மீட்டர். அதில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மண் என்றால் ஏறக்குறைய 486 கன மீட்டர். அழுத்திய செம்மண் ஒரு கன மீட்டருக்கு 1.8 டன் எடை இருக்கும். ஆக அவர் வயல்மேல் ஏற்றி வைத்தது சுமார் 870 டன். மாடி இல்லாத 1,200 சதுர அடி வீடு ஒன்றின் எடை தோராயமாக 150 டன்தான். வீட்டைவிட ஐந்து, ஆறு மடங்கு கனமான ஒன்றை, எந்த வரைபடமும் அனுமதியும் இல்லாமல், டெம்போ டெம்போவாகக் கொண்டுவந்து வயல்மேல் கொட்டியாகிவிட்டது. வீடு கட்டும்போது சுமையைப் பற்றிக் கவலைப்படுகிறோம். பெரிய சுமை அதற்கு முன்பே ஏறிவிட்டது.

"ஒரு மழை போதும்" என்ற சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. டெம்போவிலிருந்து கொட்டிய மண் கட்டி கட்டியாக, இடையில் காற்றுப் பைகளோடு கிடக்கும். மழைநீர் இறங்கும்போது கட்டிகள் உடைந்து, காற்று வெளியேறி, மண் படியும். குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாம் மழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. இரண்டையும் பார்த்த மண் நன்றாகவே படிந்துவிடும். மேஸ்திரி வந்து காலால் அழுத்திப் பார்த்து "செட் ஆகிவிட்டது" என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் அது மேலே அடித்த மண்ணின் கதை. அடியில் இருக்கும் வயல் களிமண்ணுக்கு வேறொரு கடிகாரம் ஓடுகிறது. எனக்கு மண் இயக்கவியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

ஏலாவின் களிமண் காலங்காலமாக நீரில் ஊறிக் கிடப்பது. அதன் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத சின்னத் தகடுகள். தகடுகளுக்கு இடையே உள்ள வெளி முழுவதும் தண்ணீர், காற்றுக்கே இடமில்லை. மண்ணுக்குச் சமமான கன அளவு தண்ணீர் இருப்பதுகூட இத்தகைய களிமண்ணில் சாதாரணம். இப்போது அதன்மேல் 870 டன் ஏறுகிறது. சுமையை யார் தாங்குவார்கள்? தகடுகள் தாங்க வேண்டுமானால் அவை ஒன்றையொன்று நெருங்க வேண்டும். நெருங்க வேண்டுமானால் நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே போக வேண்டும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, அது உடனே வெளியேறவும் வழியில்லை. எனவே முதல் நாள் அந்தச் சுமை முழுவதையும் தண்ணீரே தாங்குகிறது. நுண்துளைகளுக்குள் நீரின் அழுத்தம் எகிறுகிறது. களிமண்ணோ ஒரு விரல்கடைகூட இறங்குவதில்லை. மேலே நின்று பார்ப்பவருக்குத் தரை கல்போலத் தெரியும்.

அப்புறம் தண்ணீர் மெல்லக் கசியத் தொடங்குகிறது. கசியக் கசிய நீரின் அழுத்தம் குறைகிறது. குறைந்த அளவுக்குச் சுமை தகடுகளின் தோளுக்கு மாறுகிறது, அந்த அளவுக்கு மட்டுமே மண் சுருங்குகிறது. கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்துகொண்டு, கையில் கிடைத்த கருவிகளைக் கொண்டு இதைச் சோதித்து, 1925இல் புத்தகமாக வெளியிட்டார். நவீன மண் இயக்கவியல் பிறந்தது அங்கேதான். அவர் தந்த மாதிரி எளிமையானது: தண்ணீர் நிறைந்த ஓர் உருளை, உள்ளே ஒரு சுருள்வில், மேலே ஊசித்துளை போட்ட ஒரு மூடி. மூடியின்மேல் எடையை வைத்ததும் தண்ணீர் தாங்குகிறது. துளை வழியாகத் தண்ணீர் போகப் போக வில் அமுங்கி, எடையைத் தான் வாங்கிக்கொள்கிறது. துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு தாமதம்.

களிமண்ணின் துளை எவ்வளவு சிறிது? மணலில் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 36 செ.மீ. இறங்கும் நிலைமையை வைத்துக்கொள்ளுங்கள். அதே நிலைமையில் களிமண்ணில் ஓர் ஆண்டு முழுக்க 3 செ.மீ. போனால் பெரிது.

இன்னும் அழகான விஷயம், இந்தத் தாமதம் களிமண் அடுக்கின் தடிமனைப் பொறுத்து நேராக வளர்வதில்லை. தண்ணீர் கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. நம்முடைய ஏலாவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 4 மீட்டர் களிமண், அதற்குக் கீழே மணல் என்றால் நீர் மேலும் கீழும் வெளியேறும். கடக்க வேண்டிய தூரம் அதிகபட்சம் 2 மீட்டர். களிமண் எவ்வளவு வேகமாக நீரை விட்டுச் சுருங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு; நடுத்தரமான களிமண்ணுக்கு உரிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால், மொத்த இறக்கத்தில் 90 சதவீதம் முடிய சுமார் மூன்றரை ஆண்டு ஆகும். அதே 4 மீட்டர் களிமண், கீழே மணலுக்குப் பதிலாகக் கெட்டிப் பாறை என்றால் நீருக்கு மேல்பக்கம் மட்டும்தான் வழி. இப்போது 90 சதவீதத்துக்கு 13 ஆண்டுக்கு மேல். நம் வாசகர் விட்டது ஒரு மழைக்காலம், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். பாறைமேல் கிடக்கும் களிமண்ணில் அந்த ஆறு மாதத்தில் முடிவது மொத்த இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் நான்கு பங்கும் வீட்டின் தலையில். மென்மையான களிமண்ணில் இப்படிப்பட்ட சுமைக்கு மொத்தமாக 20, 30 செ.மீ. இறங்குவது புதுமையான விஷயமும் இல்லை.

பீசா கோபுரத்தை இந்தக் கடிகாரம்தான் காப்பாற்றியது. 1173இல் தொடங்கிய வேலை மூன்று அடுக்கோடு நின்றுபோய், ஏறத்தாழ நூறு ஆண்டு கிடப்பில் கிடந்தது. அந்த இடைவெளியில் அடிக் களிமண்ணிலிருந்து நீர் வெளியேறி அது வலுவடைந்தது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் அன்றைக்கே சரிந்திருக்கும் என்பது பொறியாளர்களின் கணிப்பு.

சரி, வீடு முழுவதும் ஒரே சீராக ஒரு சாண் இறங்கினால் சுவரில் கீறல்கூட விழாது. வாசல்படி ஒன்று குறையும், அவ்வளவுதான். சிக்கல் சீரற்ற இறக்கத்தில். கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் ஏலாக்கள் பெரும்பாலும் இரண்டு விளைகளுக்கு (மேட்டுத் தோட்ட நிலங்களுக்கு) நடுவே நீண்டு கிடக்கும் குறுகலான பள்ளத்தாக்குகள். ஓரத்தில் களிமண் ஒரு முழம், நடுவில் போகப் போக 3, 4 மீட்டர். ஏலா ஓரத்து மனை என்றால் வீட்டின் ஒரு பக்கம் விளையின் கெட்டிச் செம்மண்ணில் நிற்கும், மறுபக்கம் ஆழமான களிமண்மேல் நிற்கும். ஒரு பக்கம் அசையாது, மறுபக்கம் பத்தாண்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். 6 மீட்டர் நீளச் சுவரில் இரு முனைக்கும் 2 செ.மீ. வேறுபாடு வந்தாலே விரிசல் தொடங்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் வாய்ப்பாடு. சுவர் சாய்வாக இழுபடுகிறது. செங்கல் கட்டு இழுவையைத் தாங்காது. ஜன்னல் மூலைதான் பலவீனமான இடம். அங்கே தொடங்கி, சாந்து இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக விரிசல் இறங்கும். வாசகரின் தென்மேற்கு மூலைதான் ஏலாவின் நடுப்பக்கம் நோக்கிய மூலையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதே விஷயத்தை பைக் ஓட்டும் எல்லாரும் இடுப்பில் உணர்ந்திருப்பார்கள். ஏலாவைக் கடக்கும் சாலையில் ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் வரும். பாலத்தின் இரு முனையிலும் ஒரு தூக்கல். பாலம் கெட்டியான அஸ்திவாரத்தில் நிற்கிறது, இருபுறமும் மண் அடித்த அணுகுசாலை களிமண்மேல் கிடக்கிறது. தார் போட்டு மட்டம் செய்தால் அடுத்த வருடம் மறுபடி பள்ளம். போடும் தாரும் சுமைதானே!

மேற்பார்வை இங்கேதான் கோட்டை விடுகிறது. சாலை வேலை முடிந்ததும் ஓவர்சியர் நீளம், அகலம், கனம் அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) எழுதுகிறார், மேலதிகாரி சரிபார்க்கிறார், பில் பாஸ் ஆகிறது. அளந்தது எல்லாம் அன்றைக்கு உண்மைதான். ஒப்பந்தக்காரர் நேர்மையாகவே வேலை செய்திருக்கலாம். ஆனால் களிமண் அன்றைக்கு இறங்கத் தொடங்கியே இருக்காது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 5 ஆண்டு பராமரிப்புப் பொறுப்பு ஒப்பந்தக்காரருக்கு உண்டு. நல்ல ஏற்பாடு. பாறைமேல் கிடக்கும் ஆழமான களிமண்ணின் 13 ஆண்டுக்கு அதுவே போதாது.

வீட்டு அனுமதியிலும் அதே கதை. சாலை அகலம், பக்கவாட்டு இடைவெளி, பரப்பளவு எல்லாம் பார்க்கிறார்கள், அடிமண்ணை யாரும் பார்ப்பதில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்று முறை வந்துவிட்டது. அலைச்சல் குறைந்தது, அதை வரவேற்கிறேன். அதே சமயம், மண்ணைப் பற்றி யோசிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் கைக்கு வந்துவிட்டது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தகவல் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். அந்த மனை நன்செய்யா புன்செய்யா என்று 'அ' பதிவேடு சொல்கிறது; இணையத்திலேயே எடுக்கலாம். நன்செய் என்று இருந்தால் அடியில் ஊறிய களிமண் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட சர்வே எண்களுக்கு மட்டும், கை ஆகர் (கையால் சுழற்றி மண்ணைத் துளைக்கும் கருவி) வைத்து மூன்று நான்கு மீட்டர் துளைத்து, என்னென்ன மண் எந்த ஆழத்தில் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னால் போதும். இரண்டு ஆட்கள், ஒரு நாள் வேலை. சாலைகளுக்கு இன்னும் எளிது: வயல் மட்டத்தில் ஓர் இரும்புத் தகடு, அதிலிருந்து மேலே நீட்டிய ஒரு கம்பி, அதன்மேல் மண் அடிப்பது. கம்பியின் முனையை அவ்வப்போது லெவல் கருவியால் அளந்தால் அடிக் களிமண் எவ்வளவு இறங்கியது என்று நேரடியாகத் தெரியும். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த அளவை வாசித்தால் ஓராண்டில் 6 புள்ளிகள். இறக்கம் அடங்குகிறதா, தொடர்கிறதா என்பது பள்ளிப் பிள்ளைகள் வரையும் வரைபடத்திலேயே தெரிந்துவிடும். அடங்கிய பிறகு கடைசித் தார் அடுக்கைப் போடலாம்.

நான்குவழிச் சாலை இந்த மாவட்டத்தின் குளங்களையும் வயல்களையும் கடந்து போகிறது. அதற்கும், பாலங்களுக்கும், இரட்டை ரயில் பாதைக்கும் ஆழமாகத் துளைத்து மண் மாதிரி எடுக்காமல் இருந்திருக்க முடியாது. மக்கள் பணத்தில் எடுத்த அந்த அறிக்கைகளை ஒரே இடத்தில் போட்டு எல்லாரும் பார்க்கும்படி செய்ய வேண்டும். மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்களுக்குச் சின்ன நிதி கொடுத்து ஒவ்வொரு ஏலாவின் களிமண் ஆழத்தையும் குறிக்கச் சொல்லலாம். பெரிய ஆய்வகங்களுக்குப் போகும் நிதியில் ஒரு துளி போதும். இதற்குச் செலவு செய்யாத சமூகம் வாஸ்துவுக்காக வாசலை இடித்துக் கட்டுகிறது என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

வயலை நிரப்பவே கூடாது என்பது என் கட்சி. எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளம் 2008லேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் ஏற்கெனவே நிரப்பிக் குடியேறியவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு.

விரிசலை இப்போது பூச வேண்டாம். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் மண் இன்னும் இறங்குகிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, விரிசலின் அகலத்தையும் நோட்டில் குறித்து வையுங்கள். வளர்ச்சி வருடத்துக்கு வருடம் குறைந்து வந்தால், களிமண் தன் வேலையை முடித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்; முழுதாக நின்ற பிறகு ஒரே தடவையாக அடைக்கலாம். குறையாமல் போனால், அல்லது கதவுகள் மூடாமல் சிக்கத் தொடங்கினால், அந்த நோட்டோடு அஸ்திவாரம் தெரிந்த பொறியாளரைப் பாருங்கள். அதுவரை மாடி எடுக்காதீர்கள். கிணற்றடிப் பள்ளத்தை மேடாக்குகிறேன் என்று முற்றத்தில் இன்னும் நான்கு டெம்போ மண்ணும் அடிக்காதீர்கள்.