இமயமலையின் பாரமும் கொழும்பின் காணியும்

எங்கேனும் நிலம் நடுங்கியதாகச் செய்தி வந்தால், அன்று மாலைக்குள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளிலிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தட்டு எல்லை எங்களுக்கு எவ்வளவு தூரம்?" தட்டுகள் என்பவை புவியின் மேலோட்டை ஆக்கும், மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகள்; அவை சந்திக்கும் எல்லைகளில்தான் நிலநடுக்கங்கள் பெரும்பாலும் நிகழ்கின்றன. கட்டட அத்திவாரங்களுக்காக நிலத்தை ஆராயும் புவிச்சரிதவியலாளன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தூரத்தை மட்டும் கேட்டால் போதாது. உங்கள் கட்டடத்துக்கு அடியில் கிடப்பது பாறையா, மணலா, சேறா என்பதையும் கேளுங்கள். ஏன் என்பதை இமயமலையைப்போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது. மலை உயர்ந்த கதையை எல்லோரும் அறிவோம். அதன் முன்னால் நிலம் தாழ்ந்த கதை பலருக்குத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பாறைகளின் பாரம், ஓரத்தில் ஆள் ஏறி நின்ற பலகையைப்போல் இந்தியத் தட்டை வளைத்தது. அந்த வளைவில் உண்டான நீண்ட பள்ளமே இன்றைய கங்கைச் சமவெளி. மலையை அரித்து இறங்கிய ஆறுகள் அதை நிரப்பின. நிரம்பிய வண்டலின் எடை பள்ளத்தை மேலும் தாழ்த்த, இன்னும் வண்டல் சேர இடம் கிடைத்தது. மலையடிவாரத்துக்குக் கிட்ட வண்டல் பல கிலோமீட்டர் தடிப்பு. தெற்கே போகப் போக அது மெலிந்து, பழைய பாறை வெளியே தெரிகிறது.

இந்தப் பள்ளம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மலை தெற்கு நோக்கி முன்னேறும்போது, பழைய பள்ளத்தின் வண்டலே மடிந்து உயர்ந்து மலையின் பகுதியாகிவிடுகிறது. சிவாலிக் குன்றுகள் அப்படித்தான் பிறந்தன. ஆற்றுப்படுகையில் கிடந்த மணலும் கூழாங்கல்லும், பழங்கால யானையினங்களின் எலும்புகளைத் தம்முள் வைத்துக்கொண்டு இன்று குன்றுகளாக நிற்கின்றன. இத்தனை ஆண்டுகள் இத்துறையில் இருந்தும் இந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

பள்ளத்தில் தங்காத வண்டல் கடலுக்குப் போனது. வங்காள விரிகுடாவின் அடியில் சுமார் 3000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவி, இலங்கையின் கிழக்கே கடந்து, நிலநடுக்கோட்டுக்கும் அப்பால் அது செல்கிறது. 2015இல் அந்த வண்டலைத் துளையிட்டு ஆராய்ந்த 'ஜோய்டிஸ் ரெசொலூஷன்' கப்பல், பணி முடித்து வந்து சேர்ந்தது நமது கொழும்புத் துறைமுகத்துக்குத்தான்.

வண்டல் மட்டுமல்ல, மோதலின் நெருக்குதலும் இவ்வளவு தூரம் வருகிறது. இலங்கைக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலடித் தட்டு சுமார் 80 இலட்சம் ஆண்டுகளாக மடிந்து உடைந்து வருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கமும் தட்டின் உட்பகுதி உடைந்ததால் வந்ததே. இதை வைத்து 'காலிக்கு அருகே புதிய தட்டு எல்லை' என்று வதந்தி பரப்புகிறார்கள். அங்கே இருப்பது மிக அகன்ற ஒரு வலயம். கரையோரத்தில் கீறிய கோடு அல்ல.

இனி மண்ணுக்கு வருவோம். 1934 ஜனவரி 15 பீகார்–நேபாள நிலநடுக்கத்தில் கங்கைச் சமவெளியின் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமான பகுதியில் நீரூறிய மணல் இளகிக் குழம்பாகி, கட்டடங்கள் சரிந்தும் புதைந்தும் போயின. 2015 நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழைய ஏரி வண்டல் நான்கைந்து விநாடிக்கு ஒருமுறை ஊசலாடியது. அந்த மெதுவான ஆட்டம் தாழ்ந்த வீடுகள் பலவற்றை அதிகம் வருத்தவில்லை. உயர்ந்த தரஹரா கோபுரம் வீழ்ந்தது.

கொழும்பை இவற்றோடு அப்படியே ஒப்பிட முடியாது. நமக்கு அடியில் பல கிலோமீட்டர் வண்டல் இல்லை. மிகப் பழைய உருமாறிய பாறை இருக்கிறது. இருந்தும் கொலன்னாவை, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை, அத்திடிய பக்கங்களின் தாழ்நிலங்களில் அந்தப் பாறைக்கு மேல் முற்றா நிலக்கரியும் (சதுப்பில் பாதி மக்கிய தாவரங்களாலான மென்மண்) மென்களியும் கிடக்கின்றன. அதிர்வலை விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் செல்லும் மென்மண் 10 மீட்டர் தடிப்பாக இருந்தால், அது அரை விநாடிக்கு ஒருமுறை ஆட விரும்பும். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் இயல்பான ஆட்டமும் ஏறத்தாழ அதுதான். இரண்டும் ஒத்துப்போனால் சிறிய அதிர்வும் பெரிதாகும். 1615இல் கொழும்பில் நிலம் நடுங்கி வீடுகள் இடிந்ததாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்பொன்று இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நிலநடுக்கம் வராவிட்டாலும் அதே மண் ஆண்டுக்கணக்காக அமுங்கிக்கொண்டே இருக்கும். சுவர் வெடிக்கும், வாசற்கதவு மூடாது. எனவே காணி வாங்குமுன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். தொடர்மாடியில் வீடு வாங்குவோர், தூண்கள் எத்தனை மீட்டர் ஆழத்தில் பாறையில் நிறுத்தப்பட்டன என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்துக் காணியின் அறிக்கையைக் காட்டினால் ஏற்காதீர்கள். சதுப்பின் விளிம்பில் சில மீட்டருக்குள்ளேயே மண் மாறிவிடும். நிரப்பிய காணியானால், நிரப்பிய மண்ணின் தடிப்பையும் அதன்கீழ் உள்ள சேற்றின் தடிப்பையும் தனித்தனியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.