பணம் கேட்கும் முன் ஒரு தாள் அச்சடித்துப் பாருங்கள்

ஓவியர்களுக்கும் அச்சகங்களுக்கும் நடுவில் நின்று புத்தகத்தை முடித்துக் கொடுப்பது என் தொழில். ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, அம்பத்தூர் என்று அலைகிற வேலை. முன்பெல்லாம் கோயில் மலர், ஆண்டறிக்கை, கவிதைத் தொகுப்பு என்றுதான் வரும். சில ஆண்டுகளாக இன்னொரு வகையினரும் தேடி வருகிறார்கள். பகலில் கேம் ஸ்டூடியோவிலோ அனிமேஷன் நிறுவனத்திலோ சம்பளத்துக்கு வரைபவர்கள். இரவில் தங்களுக்காக மட்டும் வரைகிறார்கள்: சிறகு முளைத்த யாளி, கடலுக்கடியில் விளக்கெரியும் பூம்புகார், மேகத்தில் நங்கூரமிட்ட கப்பல். இந்த மாதிரிப் புத்தகத்தைப் பதிப்பகங்கள் எளிதில் எடுப்பதில்லை. அதனால் கிரவுட் ஃபண்டிங்கில், அதாவது இணையத்தில் பல வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டித் தாங்களே போட்டுவிடலாம் என்று வருகிறார்கள்.

நல்ல வழிதான். தமிழுக்குப் புதியதும் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்துத்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். வாசகர் முதலில் பணம் தருகிறார், புத்தகம் பிறகு வருகிறது. இன்று ஏற்பாடு இணையத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். ஒரு அச்சகத்தில் செலவு எவ்வளவு ஆகும் என்று வாய்மொழியாகக் கேட்கிறார்கள், அதையே இலக்காக வைத்துத் திட்டத்தைத் திறந்துவிடுகிறார்கள், பணம் வந்த பிறகு புத்தகத்தை யோசிக்கிறார்கள். அந்தப் பணம் பரிசாக வந்த பணம் இல்லை. புத்தகம் கைக்குப் போய்ச் சேரும்வரை அது வாசகருக்கு நீங்கள் பட்ட கடன். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: புத்தகத்தின் பக்கங்கள் முடிந்து, வெற்றுத்தாளில் கட்டிய டம்மி ஒன்று கையில் இருந்து, கடினமான படங்களை உண்மையான தாளில் ஒருமுறை அச்சடித்துப் பார்த்த பிறகுதான் பணம் கேட்க வேண்டும்.

ஏன் அச்சடித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், கற்பனை உலக ஓவியங்களுக்கு அச்சில் வரும் சிக்கல் மற்ற ஓவியங்களைவிட அதிகம். இவை பெரும்பாலும் கணினித் திரையில் பிறந்தவை. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது, அதுதான் ஆர்ஜிபி. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் நிறம் காட்டுகிறது, அது சிஎம்ஒய்கே. மந்திரவாதியின் கையில் மின்னும் நீலம், ஊதா வானம், பச்சையாய் ஒளிரும் கண், இந்த மூன்றும் நான்கு மையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. படக் கோப்பை ஆர்ஜிபியிலிருந்து சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிய நொடியில் நீலம் சாம்பலோடு சேர்ந்து மங்கும், ஊதா சிவப்புப் பக்கமோ நீலப் பக்கமோ சாயும். பெரம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் தன் படத்தை அச்சில் முதன்முறை பார்த்துவிட்டு, “சார், இது என் படமே இல்லை” என்றார். அச்சகத்தின் தவறு அதில் எதுவும் கிடையாது. அந்த நிறம் அந்த மைகளில் கிடையாது.

இதற்கு வழி உண்டு. எந்தத் தாளில் எந்த அச்சகத்தில் அடிக்கப் போகிறீர்களோ, அவர்களிடம் அந்தத் தாளுக்கான நிறப் புரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பைக் கேட்டு வாங்கி, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பாருங்கள். இதற்குச் சாஃப்ட் ப்ரூஃப் என்று பெயர். எந்தப் படத்தில் நிறம் விழுகிறது என்று முதலிலேயே தெரிந்துவிடும். பிறகு நிறத்தை மீட்க முயல்வதைவிட, நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள். ஒளிரும் நீலம் ஒளிர்வதாகத் தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றியிருப்பது இன்னும் இருள வேண்டும். கண் அந்த வேறுபாட்டைத்தான் ஒளி என்று எடுத்துக்கொள்கிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ஐந்தாவது மையாக ஃப்ளோரசென்ட் நிறம் சேர்க்கலாம். ஆனால் அந்த நிறம் வரும் ஒவ்வொரு ஃபாரத்துக்கும் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்கள்தான் ஃபாரம்) ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு கூடும், செலவும் கூடும். அதனால் அத்தகைய படங்களை ஒரே ஃபாரத்தில் வருமாறு அடுக்கினால் புத்திசாலித்தனம்.

இருண்ட படங்களுக்கு வேறு பிரச்சினை. அச்சில் மைப்புள்ளி தாளில் சற்றுப் பரவும். திரையில் குகைக்குள் அரைகுறையாகத் தெரிந்த உருவம், தாளில் முழுக் கறுப்பாகிவிடும். நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். பூச்சில்லாத தாள் என்றால் மையை இன்னும் இழுக்கும், இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒவ்வொரு மையும் 100 சதவீதம்வரை போகலாம், ஆனால் ஓர் இடத்தில் விழும் நான்கு மையின் கூட்டு ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு 300 சதவீதம் என்பது பாதுகாப்பான கணக்கு. அதற்கு மேல் போனால் மை காய நேரமெடுக்கும், அடுக்கிய தாள்கள் ஒன்றின் மை இன்னொன்றின் முதுகில் ஒட்டும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது இன்னும் மோசம்.

ஆகவே மிகக் கடினமான ஏழெட்டுப் படங்களைப் பொறுக்கி, ஒரே பெரிய தாளில் பொருத்தி, நிஜத் தாளில் நிஜ மெஷினில் அடித்துப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு உங்கள் கையிலிருந்து போகட்டும். அந்தத் தாளைப் படமெடுத்துத் திட்டப் பக்கத்தில் போட்டால் வாசகருக்கு நம்பிக்கையும் வரும்.

அடுத்து எடை. இதை யாருமே முதலில் யோசிப்பதில்லை. ஏ4 அளவு, 160 பக்கம், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) மேட் ஆர்ட் பேப்பர், கெட்டி அட்டை என்று வைத்துக்கொள்வோம். 80 தாள்கள். ஏ4 ஒரு தாளின் பரப்பு 0.0624 சதுர மீட்டர், ஆக உள்தாள் மட்டும் ஏறத்தாழ 750 கிராம். அட்டைப் பலகை, ஒட்டுத்தாள் எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோ. மூலை நசுங்காமல் அட்டைப்பெட்டியில் வைத்தால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். தாளை 170 ஜிஎஸ்எம் ஆக்கலாமா, பக்கத்தைக் கூட்டலாமா என்று பேசுகிறபோதெல்லாம் தபால் செலவும் சேர்ந்து ஏறுகிறது.

பக்க எண்ணிக்கையும் அப்படித்தான். 16 பக்க ஃபாரமாக அடித்தால் 160 என்பது சரியாகப் பத்து ஃபாரம். “இன்னும் நாலு படம் மட்டும்” என்று 164 ஆக்கினால், அந்த நான்கு பக்கத்துக்குத் தனியாகப் பிளேட், தனியாக மெஷின் ஏற்றம். இரண்டு பக்கங்களிலும் விரியும் பெரிய படம் வைப்பதாக இருந்தால் தையல் பைண்டிங் போடுங்கள். வெறும் பசையில் ஒட்டிய புத்தகம் முழுதாக விரியாது, நடுவில் இருக்கும் யாளியின் முகம் மடிப்புக்குள் போய்விடும். முக்கியமான எதையும் நடுமடிப்பில் வைக்காமல் வரைவதும் நல்லதுதான், ஆனால் வரைந்து முடித்தவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

புத்தகங்களுக்கு அஞ்சல் துறை 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்று ஒரு சேவையைத் தொடங்கியது. 300 கிராம்வரை 20 ரூபாய், அதிகபட்சமாக 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி என்று கட்டணம் அறிவித்தார்கள். தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் சேரும். விளம்பர வகை வெளியீடுகள் இதில் செல்லாது. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஓவியப் புத்தகத்தை இந்தக் கட்டணத்தில் எடுத்துக்கொள்வார்களா என்று டம்மியோடு அஞ்சலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

சரி, கணக்கு. ஒரு பேச்சுக்கு 250 பேர், ஆளுக்கு 2,000 ரூபாய். ஐந்து லட்சம் திரண்டுவிட்டது என்று கொண்டாடுவோம். கிரவுட் ஃபண்டிங் தளத்தின் பங்கும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்த்து 8 சதவீதம் என்றால் 40,000 போகும். பெட்டியும் தபாலும் ஆளுக்கு 150 என்றால் 37,500. மிச்சம் 4,22,500. இதற்குள் அச்சு, பைண்டிங், அச்சகத்திலிருந்து வண்டி வாடகை, வழியில் அடிபட்ட பிரதிகளுக்கு மாற்று, ஆடிட்டர் எல்லாம் அடங்க வேண்டும். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று கேட்டு மகிழ்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அச்சகம் போடும் பில்லில் வரி இருக்கும். நீங்கள் விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது முழுக்க உங்கள் செலவு. கொட்டேஷன் வாங்கும்போது வரியோடு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

கிக்ஸ்டார்ட்டரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2009இல் தொடங்கிய அமெரிக்கக் கிரவுட் ஃபண்டிங் தளம். இலக்கை எட்டினால்தான் பணம், எட்டாவிட்டால் ஒரு ரூபாயும் யாரிடமிருந்தும் எடுக்கப்படாது. இந்த விதி எனக்குப் பிடிக்கும், பாதிப் பணத்தோடு மாட்டிக்கொள்ளும் நிலையைத் தவிர்க்கிறது. ஆனால் திட்டம் தொடங்க அவர்கள் அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் பெயரில் தொடங்கலாம் என்பார்கள். பணம் அண்ணன் கணக்கில் விழும், அங்கே வருமானமாகக் கணக்காகும், அப்புறம் இங்கே எப்படி வருவது என்ற கேள்வி எழும். இரண்டு பக்கத்து ஆடிட்டரிடமும் பேசாமல் அதில் இறங்க வேண்டாம். இங்கேயே திரட்டும் பணமும் புத்தகத்துக்கு வாங்கிய முன்பணம்தான், தொழில் வரவாகக் கணக்கில் வரும். “லாபத்தில் பங்கு தருகிறேன்” என்று மட்டும் யாருக்கும் எழுதிவிடாதீர்கள். பொதுமக்களிடம் அப்படிப் பணம் வாங்கினால் விஷயம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் பக்கம் போய்விடும்.

இனி உரிமை. இதைப் பேசும்போது நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருப்பேன். ஓவியர் கொண்டு வரும் கோப்பில் சொந்தப் படங்களோடு, வாடிக்கையாளருக்காக வரைந்த புத்தக அட்டைகளும் கேமுக்காக வரைந்த பாத்திரங்களும் கலந்திருக்கும். “எல்லாம் என் கையால் வரைந்ததுதானே” என்பார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலையில் இருக்கும்போது வேலைக்காக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்தான் முதல் உரிமையாளர். நிராகரிக்கப்பட்ட முதல் வரைவுகளுக்கும் நிறுவனங்கள் உரிமை கோருவதுண்டு. வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு தம்பியின் புத்தகத்தில் கால்வாசிப் படங்களை இந்தக் காரணத்துக்காக வெளியே எடுத்தோம். பணம் திரட்டும் முன்பே எடுத்ததால் வாசகருக்குச் சொன்ன பக்க எண்ணிக்கை மாறவில்லை. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எத்தனை பிரதி, எந்த நாடு, எவ்வளவு காலம் என்று அதில் இருக்கட்டும். சினிமா, கேம் பாத்திரங்களை ரசிகராக வரைந்த படங்களைப் புத்தகத்தில் சேர்க்கவே வேண்டாம். உங்கள் உலகத்தைப் பார்க்கத்தானே அவர்கள் பணம் தருகிறார்கள்?

காலத்தையும் பாருங்கள். “டிசம்பரில் கையில் கிடைக்கும்” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. புரட்டாசியிலிருந்தே சென்னை அச்சகங்கள் காலண்டர், டைரி வேலையில் மூழ்கிவிடும். அதோடு ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வரவேண்டிய நூல்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் கடை போடும் பதிப்பகங்கள் ஆண்டு முழுக்க வேலை கொடுப்பவர்கள், அவர்களைத் தள்ளிவைத்து உங்கள் சில நூறு பிரதியை முதலில் எடுக்க எந்த அச்சகத்தாலும் முடியாது. அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை வேறு. ஈரத்தில் கெட்டி அட்டை வளையும், லேமினேஷன் நுரைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அடிப்பதாகத் திட்டமிடுங்கள். தாமதமானால் உடனே எழுதுங்கள். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று மெஷினின் படத்தோடு எழுதினால் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

பணம் தந்தவர்களுக்குப் புத்தகத்தோடு அனுப்பும் கூடுதல் பரிசுகளில் எனக்கு ஆர்வமில்லை. குவளை உடையும், போஸ்டருக்குத் தனிக் குழாய் வேண்டும், இவற்றுக்கு ஜிஎஸ்டியும் உண்டு. கையொப்பமிட்ட சிறு தாள் ஒன்றைப் புத்தகத்துக்குள் ஒட்டிக் கொடுங்கள், போதும்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகவே தருகிறது; தன் நூலைத் தானே வெளியிடுபவரும் விண்ணப்பிக்கலாம். கிடைக்க நாளாகும் என்பதால் பக்க வடிவமைப்பு தொடங்கும்போதே விண்ணப்பியுங்கள். புத்தகம் வந்த பிறகு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் இன்னும் மூன்று நூலகங்களுக்கும் 30 நாளுக்குள் ஒவ்வொரு பிரதி இலவசமாகத் தர வேண்டும். அந்த மூன்றில் ஒன்று நம் எழும்பூர் கன்னிமாரா. ஆக, 250 பேருக்குக் கொடுக்க 250 மட்டும் அடிக்கக் கூடாது. நூலகங்களுக்கு நான்கு, அடிபடும் பிரதிகளுக்கும் பைண்டிங்கில் கழிவாகப் போவதற்கும் ஒரு பத்து சதவீதம், உங்களுக்கென்று சில. மீதியை வைக்க ஈரம் இல்லாத, கரையான் இல்லாத, தரையிலிருந்து உயர்ந்த ஓர் இடம் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.