இரண்டு பக்கமும் திறந்த குழாயில் நெருப்பு ஏன் முன்னால் வருவதில்லை?

"பிரமோஸ் ஏவுகணையின் இன்ஜினில் விசிறி கிடையாது, முன்னாலும் பின்னாலும் திறந்த குழாய்தான் என்கிறார்கள். அப்படியென்றால் உள்ளே எரியும் நெருப்பு முன்வாய் வழியாக ஏன் வெளியே வருவதில்லை?" என்று பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். கல்லூரியில் நானும் இதையே கேட்டேன், "அழுத்தம்பா, உட்காரு" என்று பதில் வந்தது. உட்கார்ந்தேன், ஆனால் புரியவில்லை.

இந்த வகை இன்ஜினுக்கு ராம்ஜெட் என்று பெயர். முதலில் அந்தப் பெயரை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் ராம்ஜெட்டில் இருப்பது ராமபாணம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷத்துக்கு இரண்டு முறை எனக்கு வருகிறது. ஆங்கிலத்தில் ராம் என்றால் செம்மறிக்கிடா. கிடா முட்டுகிற மாதிரி காற்றைப் போய் முட்டி அமுக்குவதால் அந்தப் பெயர். பிரான்சின் ரெனே லோரான் 1913-லேயே இந்த யோசனையை எழுதிவிட்டார், ஆனால் அந்தக் காலத்து விமானங்களின் வேகத்தில் அது எடுபடவில்லை. பிறகு ரெனே லெடுக் என்பவர் 1949-ல் ராம்ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டார், அதையும் இன்னொரு விமானத்தின் முதுகில் ஏற்றி மேலே கொண்டுபோய்த்தான் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது.

காரணம் சுலபம். சாதாரண ஜெட் இன்ஜினில் சுழலும் தகடுகள் காற்றை அமுக்குகின்றன, ராம்ஜெட்டில் அந்த வேலையை வேகமே செய்கிறது. ஒலியின் பாதி வேகத்தில் போனால், ஏட்டுக் கணக்குப்படி அழுத்தம் 19 சதவீதம்தான் கூடும். மாக் 2-ல், அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், கிட்டத்தட்ட 8 மடங்கு. மாக் 3-ல் 37 மடங்கு. நின்ற இடத்தில் சுழியம். அதனால் ஆரம்பத்தில் தள்ளிவிட ஒரு ராக்கெட் வேண்டும். பிரமோஸில் அது இன்ஜினின் பின்பகுதிக்குள்ளேயே சொருகியிருக்கும், எரிந்து முடிந்ததும் கழன்று விழும். நம் ஆகாஷ் ஏவுகணையில் இன்னும் சாமர்த்தியம்: ராக்கெட் மருந்து எரிந்து காலியான அதே அறைதான் பிறகு ராம்ஜெட்டின் அடுப்பு.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், ராக்கெட் என்பது கல்யாண வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற ஆள். எரிவதற்கான ஆக்சிஜனையும் தானே சுமக்கிறது, திட மருந்தின் எடையில் பெரும்பங்கு ஆக்சிஜன் தரும் பொருள்தான். ராம்ஜெட் எரிபொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது, மற்றதைப் பந்தியில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம்.

காற்றில் எந்தச் சேதியும் ஒலியின் வேகத்தில்தான் பரவும். நீங்கள் நடந்து போனால், நீங்கள் வருகிற சேதி உங்களுக்கு முன்னாலேயே போய்விடுகிறது, காற்று மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறது. ஒலியைவிட வேகமாக வருகிறவன் தன் சேதியையே முந்திக்கொண்டு வருகிறான். காற்றுக்கு ஒதுங்க அவகாசமே கிடைப்பதில்லை, மோதுகிற கணத்தில்தான் தெரிகிறது. அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லிய ஒரு திரை உண்டாகிறது. அதுதான் அதிர்வலை. திரைக்கு அந்தப் பக்கம் காற்று குளிர்ந்து, மெலிந்து, வேகமாக வருகிறது. நேர்க்குத்தாக நிற்கும் திரை என்றால், இந்தப் பக்கம் வரும்போது அதே காற்று சூடாக, நெருக்கமாக, ஒலியைவிட மெதுவாகப் போகிறது. இடையில் படிப்படியான மாற்றம் என்று எதுவும் இல்லை.

இப்போது குழாயின் தொண்டையில் அப்படி ஒரு திரை நிற்கிறது என்று வையுங்கள். பின்னால் அடுப்பு எரிகிறது, அழுத்தம் எகிறுகிறது. "இங்கே நெருக்குகிறது, வராதே" என்ற சேதி ஒலியின் வேகத்தில் முன்னோக்கிக் கிளம்புகிறது. திரைவரை அது வந்து சேர்ந்துவிடும், ஏனென்றால் அங்குவரை காற்று மெதுவாகத்தான் வருகிறது. திரையைத் தாண்டிப் போக முடியாது, எதிரே காற்று ஒலியைவிட வேகமாக வருகிறது. ஆக, உள்ளே நெருப்பு இருக்கிற விஷயமே வெளியே வருகிற காற்றுக்குத் தெரியாது! தெரியாமலே வந்து மாட்டிக்கொள்கிறது. தம்பி தேடிய மூடி இதுதான்.

கொஞ்சம் பேராசைப்பட்டு எரிபொருளை அதிகம் ஊற்றினால் திரை முன்னோக்கி நகரும், வாயைத் தாண்டி வெளியே துப்பப்படும். காற்று உள்ளே போகாமல் பக்கவாட்டில் வழியும், அடுப்பு தணியும், அழுத்தம் விழும், திரை மறுபடி உள்ளே போகும், மறுபடி வெளியே. இந்தத் துடிப்பு இன்ஜினையே உடைத்துவிடும். எஸ்.ஆர்.-71 உளவு விமானம் ராம்ஜெட் இல்லை, ஆனால் காற்றுவாய் இதே வகை. அதில் ஒரு பக்கத் திரை வெளியே வந்துவிட்டால் விமானம் பக்கவாட்டில் வெட்டித் திரும்ப, விமானியின் ஹெல்மெட் கண்ணாடியில் போய் இடிக்குமாம்.

இன்னொரு அழகு. மாக் 3-ல் ஒரே திரையில் காற்றை நிறுத்தினால் அந்த 37 மடங்கில் மூன்றில் இரண்டு பங்கு வீண். மொட்டை மாடியிலிருந்து நேராகக் குதிப்பது போல. ஆஸ்திரியரான கிளௌஸ் ஒஸ்வாடிட்ச் 1940-களில் செய்தது, படிக்கட்டு போட்டதுதான்: வாயின் நடுவே ஒரு கூம்பை வைத்து, சாய்வான மெல்லிய திரைகளில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கடைசியில் ஒரு சின்னக் குதி. பிரமோஸ் முகப்பில் எட்டிப் பார்க்கிற கூம்பு அதுதான், அலங்காரமில்லை.

நான் அந்தத் திரையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், கல்லூரியில் ஒலியைவிட வேகமாகக் காற்றை ஊதும் சோதனைக் குழாயில். அரை மணி நேரம் கம்ப்ரஸர் ஓடித் தொட்டி நிரம்பும், வால்வைத் திறந்தால் காது கிழிகிற சத்தத்தோடு பத்து விநாடி. ஆப்பு வடிவத்தில் கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு, அதன் முனையிலிருந்து கரிக்கோடு இழுத்தது போல இரண்டு சாய்வுக் கோடுகள். அடுத்த வருஷம் அந்தக் குழாயில் காற்று கசியாமல் அடைக்கும் ஒரு சீல் போய்விட்டது. அதை மாற்றப் பணம் இல்லை என்றார்கள், அதே வருஷம் ஏசி போட்ட அரங்கம் ஒன்று எழும்பியது. ஏவுகணை வெற்றிக்கு லட்டு கொடுக்கிறோம், சீலுக்கு மட்டும் நம்மிடம் பணம் இருப்பதில்லை.

அடுப்பு அணையாமல் இருப்பது தனிக் கதை. விநாடிக்கு நூறு மீட்டர் காற்றில் எந்தச் சுடர் நிற்கும்? பாட்டி வீட்டு மாடக்குழியில் அகல் நிற்குமே, அதே உபாயம். காற்றின் வழியில் வி வடிவத் தகடு ஒன்று, அதன் மறைவில் சுழித்துக்கொண்டு கொஞ்சம் சூடான வாயு, அது புதிதாக வரும் காற்றை விடாமல் பற்றவைத்துக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவின் மீட்டியார் ஏவுகணையில் இருப்பது போன்ற திட எரிபொருள் ராம்ஜெட்களில் இதற்குப் பதிலாக, உள்ளேயே அரைகுறையாக எரிந்த சூடான வாயு வால்வு வழியாக வந்து காற்றோடு சேர்கிறது. நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. 2018 முதல் ஒடிசாவின் சண்டிப்பூரில் சோதித்துவரும் எஸ்.எஃப்.டி.ஆர். என்ற இன்ஜின் இந்த ரகம்.

இப்போது எனக்குப் பிடித்தது சென்னை ஐ.ஐ.டி. ராணுவத்தோடு சேர்ந்து செய்கிற, ராம்ஜெட் பொருத்திய 155 மி.மீ. பீரங்கிக் குண்டு. தள்ளிவிட ராக்கெட்டே தேவையில்லை, குண்டு குழலைவிட்டு வெளியே வரும்போதே மாக் 2-ஐத் தாண்டியிருக்கும். ஆனால் அந்தச் சில மில்லிவிநாடிகளில் குண்டுக்குள் இருப்பதெல்லாம் தன் எடையைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கனக்கும். எரிபொருள் துண்டு விரிசல் விடாமல் அதைத் தாங்க வேண்டும்.