கணக்கு இடிக்கும் ஹைட்ரஜன்

நம் செல்களில் ஹைட்ரஜன் வாயுவை உடைக்கும் ஹைட்ரோஜினேஸ் என்சைம் கிடையாது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியிடம் அது உண்டு. அந்த பாக்டீரியா ஹைட்ரஜனை எரிபொருளாகவே பயன்படுத்துகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் இந்த வாயு உடலுக்குள் சும்மா வந்துபோகிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள்.

2007இல் ஜப்பானின் ஷிகேயோ ஓதா குழுவினர் 'நேச்சர் மெடிசின்' இதழில் வேறு கதை சொன்னார்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சிறிது நேரம் அடைத்துத் திறந்தால், திரும்பி வரும் ஆக்சிஜனே சேதம் செய்யும். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறி, எதையும் தாக்கும் ஆக்சிஜன் துணுக்குகளைக் கக்கும். அப்படிப் பாதிக்கப்பட்ட எலிகள் கொஞ்சம் ஹைட்ரஜனைச் சுவாசித்தபோது மூளைச் சேதம் குறைந்தது. ஹைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு, சவ்வுகளைத் தாண்டி எங்கும் நுழையும். அங்கே அந்தத் துணுக்குகளிலேயே மிக மூர்க்கமான ஹைட்ராக்சில் ரேடிக்கலை மட்டும் தண்ணீராக்கிவிட்டு, செல் தகவல் அனுப்பப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொடாமல் விடும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அழகான விளக்கம்தான். ஆனால் வேதியியல் கணக்கு போட்டால் இடிக்கிறது. ஹைட்ராக்சில், பக்கத்தில் எது இருந்தாலும் நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் அதோடு வினைபுரிந்துவிடும். ஹைட்ரஜனோடு அது வினைபுரியும் வேகம், புரதங்கள், டி.என்.ஏ. போன்றவற்றோடு வினைபுரிவதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு குறைவு. அளவும் போதாது. 2 சதவீத ஹைட்ரஜனைச் சுவாசித்தால் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 16 மைக்ரோமோல்தான் கரையும். இத்தகைய துணுக்குகளை அடக்க செல்லில் இயல்பாகவே இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் இதைவிட நூறு மடங்குக்கும் மேல். சரி, ஹைட்ரஜனின் முறை வருவதற்குள் வேறு ஏதோ ஒன்று ஹைட்ராக்சிலிடம் சிக்கியிருக்கும்! காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றும் என்பதால், அளவைத் தாராளமாகக் கூட்டவும் முடியாது.

அப்படியானால் எலிகளுக்குக் கிடைத்த பலன் எங்கிருந்து வந்தது? வாயு வெளியேறிய பிறகும் பலன் நீடிப்பது ஒரு துப்பு. ஹைட்ரஜன் தானே சண்டைக்குப் போகாமல், செல்லின் பாதுகாப்பு ஜீன்களை முடுக்கிவிடும் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தைத் தூண்டுகிறது என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே நம்பக்கூடியதாகப் படுகிறது. எதைத் தொட்டுத் தூண்டுகிறது என்பதில்தான் சர்ச்சை. ஹீமோகுளோபின் போன்ற புரதங்களில் இருக்கும் ஹீம் என்ற பகுதியின் இரும்பு என்பது ஓர் ஊகம்.

மனிதர்களிடம் சான்று இன்னும் மெலிவுதான். மாரடைப்பு போன்றவற்றால் இதயம் நின்று மீண்ட 73 பேரிடம் ஜப்பானில் நடந்த ஹைட்ரஜன் சுவாசச் சோதனையின் முடிவு 2023இல் வந்தது. முக்கிய இலக்கான நரம்பியல் மீட்சியில் வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஆனால் 90 நாள் கழித்து உயிரோடு இருந்தோர் ஹைட்ரஜன் பெற்றவர்களில் 85 சதவீதம், மற்றவர்களில் 61. கோவிட் காலத்தில் பாதியிலேயே நிறுத்தப்பட்ட சோதனை என்பதால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது.

அப்புறம், ஹைட்ரஜன் வாயுவைக் கரைத்த ஹைட்ரஜன் தண்ணீர். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 1.6 மில்லிகிராம்தான் கரையும். செரிக்காத மாவுச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது இதைவிட அதிகமான ஹைட்ரஜன் உள்ளேயே உருவாகலாம். லாக்டோஸ் செரிக்காதவர்களை மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளந்தே மருத்துவர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.